வெள்ளத்தின் காரணத்தைக் கணக்கிட்டவர்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து மேற்கே செல்பவர்கள் அல்லைப்பிட்டிக்கு அடுத்ததாக மண்கும்பானை அடைவர். வேலணைத் தீவின் அந்த மணற்பாங்கான கிராமத்துக்கு ஆறும் இல்லை, அருவியும் இல்லை. மாரியிற் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத் தங்கி நிற்கின்றது. அந்த நன்னீர்ப் படையை நம்பித்தான் அங்கு கிணறுகளும் தோட்டங்களும் இருக்கின்றன. தீவகத்தில் ஒரு கிணறு உவர்த்துப் போனால் அதற்குக் காரணம் சொல்லப் பலர் முன்வருவர். மணல் அகழ்ந்தமையால் வந்த வினை என்பார் ஒருவர். மழை பொய்த்தமையே காரணம் என்பார் இன்னொருவர். துலா போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்த நாளிலேயே கேடு தொடங்கிவிட்டது என்பார் வயதில் மூத்தவர். மூவர் கூற்றும் நம்பத்தக்கதாகவே இருக்கும். ஆனால் எந்தக் காரணத்தை ஏற்கின்றோமோ அதற்கேற்பவே பரிகாரமும் அமையும். அகழ்வைத் தடுப்பதா, மழைநீரைத் தேக்குவதா, இறைப்பைக் கட்டுப்படுத்துவதா? பிழையான காரணத்தை நம்பிச் செய்யும் செலவு முடிந்த பின்னரும் கிணறு உவர்ப்பாகவே இருக்கும்.

இத்தகைய கேள்விகளுக்கு வாதத்தால் அன்றி அளவையால் விடை தேட முடியும் என்பதை எமது பிராந்தியத்திற் பெரும் அளவிற் செய்து காட்டியவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். அவரது பிறந்த தினமாகிய ஜூன் 29ஐ இந்தியா 2007ஆம் ஆண்டு முதல் தேசிய புள்ளிவிபர தினமாகக் கொண்டாடி வருகின்றது. ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்றே அவரைப் பலரும் அறிவர். எமது பார்வையில் அது அவரது வாழ்வின் மிகச் சிறந்த பகுதி அன்று.

1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் அவர் பிறந்தார். பாட்டனார் குருசரண், டாக்கா மாவட்டத்து விக்கிரமபுரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, தேவேந்திரநாத் தாகூரின் செல்வாக்கினாற் பிரம்ம சமாஜத்திற் சேர்ந்தவர். விதவை ஒருவரை மணஞ்செய்து அக்காலச் சமூகத்தின் கோபத்தைத் தேடிக்கொண்டவர். தாயார் நிரோதவாசினி, புகழ்பெற்ற மருத்துவர் நீல்ரத்தன் சர்க்காரின் சகோதரி. இவ்வாறான வீட்டிற் பிறந்த பிள்ளைக்குக் கல்வி தானாகவே கிடைத்தது எனலாம். பிரசிடென்சிக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவரது ஆசிரியர்கள். மேக்நாத் சாகாவும் சுபாஷ் சந்திர போஸும் அதே கல்லூரியில் அவருக்குச் சற்றுப் பின்னே பயின்றவர்கள். 1912இற் பௌதிகவியலிற் சிறப்புப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இலண்டனிற் படிக்கவே அவர் சென்றார். ஒருநாள் கேம்பிரிட்ஜைப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் மயங்கி நின்று கடைசிப் புகையிரதத்தைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் ஒருவரின் அறையிலே தங்கினார். நண்பர் தூண்ட, மறுநாள் அந்தக் கல்லூரியிலேயே அனுமதி கேட்டு, அதனைப் பெற்றும் விட்டார். காரணம் தேடும் கலையை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவரது வாழ்வின் திருப்பமே ஒரு தற்செயலாக அமைந்தமை எமக்கு எப்போதும் சுவையான செய்தியாகவே தோன்றுகின்றது.

கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் கும்பகோணத்து இராமானுஜன். குளிரில் நடுங்கிய இராமானுஜன், கட்டிலிற் கம்பளிகள் மெத்தையின் கீழ் மடித்துச் செருகப்பட்டிருப்பதை அறியாது அவற்றின் மேலேயே படுத்துறங்கி வந்தார். அவற்றை விலக்கி உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும் என்று காட்டிக் கொடுத்தவர் மஹலனோபிஸ். இன்னொரு நாள், சஞ்சிகை ஒன்றில் வந்த புதிர்க்கணக்கை அவர் வாசித்துக் காட்ட, அடுப்பிற் காய்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன் அந்த ஒரு வினாவுக்கு மட்டுமன்றி, அதே வகையான எல்லா வினாக்களுக்கும் விடை தரும் தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லிவிட்டாராம். மஹலனோபிஸ் பிற்காலத்திற் பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சிகள் இவை. தம்முடைய ஆற்றல் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதை அவர் அங்கேயே உணர்ந்திருக்க வேண்டும். எண்களின் தூய உலகை அவர் இராமானுஜனுக்கு விட்டுவிட்டார். வயல், மழை, ஆறு, பசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் அழுக்கான எண்களே அவருக்கு உரியனவாயின.

1915இற் பௌதிகவியலில் முதல் வகுப்பிற் சித்தியெய்தி, ஒரு குறுகிய விடுமுறைக்காகவே ஊர் திரும்பினார். உலகப் போர் காரணமாகக் கப்பல் தாமதித்தது. நூலகத்தில் நேரம் போக்கிய அவருக்கு, மக்காலே என்ற ஆசிரியர் பயோமெட்ரிக்கா எனும் ஆய்விதழைச் சுட்டிக் காட்டினார். அதன் தொகுதிகள் முழுவதையும் வாங்கிக்கொண்டு கப்பலேறி, வழிநெடுக வாசித்தார். கல்கத்தாவை அடைந்தபோது அவர் பௌதிகவியல் ஆசிரியராகவே இருந்தார். ஆனால் மனம் புள்ளிவிபரவியலிடம் போய்விட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பும் எண்ணம் கைவிடப்பட்டது. பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியப் பணியேற்றார். 1923இல் நிர்மலகுமாரியைக் கரம்பிடித்தார். பிரம்ம சமாஜ விதிகள் சிலவற்றை மாப்பிள்ளை ஏற்க மறுத்தமையாற் பெண்ணின் தந்தையார் அத்திருமணத்தை விரும்பவில்லை. மாமனார் நீல்ரத்தன் சர்க்காரே தந்தை நிலையில் நின்று அதை நடத்தி வைத்தார்.

1922இல் வட வங்காளத்தைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. பிரபுல்ல சந்திர ராய் தலைமையில் இளைஞர்கள் நிவாரணப் பணியில் இறங்கினர். நீரின் போக்கை இரயில் பாதைகளின் மண்ணணைகள் மறித்துவிட்டன என்று பலர் குற்றஞ்சாட்டினர். அரசாங்கம் பொறியியலாளர் குழு ஒன்றை அமைத்தது. வெள்ளநீரைத் தேக்கி வைக்கும் பெரும் தடாகங்களை அமைக்க வேண்டும் என்று குழு கருதியது. செலவு மிகப் பெரிது. அவ்வாண்டிலே அலிப்பூர் வானிலை நிலையத்தின் பொறுப்பையும் ஏற்றிருந்த மஹலனோபிஸிடம் இந்த விடயம் வந்து சேர்ந்தது. அவர் செய்தது மிகவும் எளிமையான, ஆனால் எவரும் செய்திராத ஒரு காரியம். 1870 முதல் 1922 வரையிலான மழைப் பதிவுகளையும் வெள்ளப் பதிவுகளையும் தேடியெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். வெள்ளத்துக்கும் பெருமழைக்கும் இடையிலான தொடர்பு தெளிவாகப் புலப்பட்டது. தேக்கத் தடாகங்களால் அவ்வெள்ளத்தைத் தடுக்க இயலாது. வந்த நீர் விரைவாக வடிந்து போவதற்கான வழியே தேவை என்பது அவரது முடிவு.

1926இல் ஒரிசாவின் பிராமணி ஆறு பெருகியது. இம்முறையும் நிபுணர் குழு கூடியது. ஆற்றின் படுகை மண் சேர்ந்து உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளையும் பல அடி உயர்த்த வேண்டும் என்பது அவர்களது கருத்து. கேட்பவருக்கு இதைவிட இயல்பான விளக்கம் வேறு இருக்க முடியாது. அடி உயர்ந்தால் நீர் வழிகின்றது, நீர் வழிந்தால் கரையை உயர்த்து! மஹலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுப் பதிவுகளை எடுத்தார். அவர் கையாண்ட தர்க்கத்தை எளிமையாகச் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். படுகை உண்மையில் உயர்ந்திருக்குமாயின், முன்னொரு காலத்திற் பெய்த அதே அளவு மழைக்குப் பின்னாளில் ஆறு கூடுதலான உயரத்துக்கு எழ வேண்டும். ஒத்த மழை பெய்த ஆண்டுகளைத் தேடி ஒப்பிடும்போது அவ்வாறான உயர்வு காணப்படாவிட்டால், படுகை உயர்ந்தது என்ற கதை விழுந்துவிடும். விழுந்தும் விட்டது. மேல்நிலப் பகுதியிற் பெய்த அளவுகடந்த மழையே வெள்ளத்துக்குக் காரணம் என்றும், அணை கட்டுவதானால் அங்கேதான் கட்ட வேண்டும் என்றும் அவர் அறிக்கை செய்தார். ஒரிசாவின் ஆறுகளைப் பற்றிய அந்தக் கணக்குகள், பிற்காலத்தில் மகாநதியின் குறுக்கே எழுந்த ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றன. 1957இல் அந்த அணை திறக்கப்பட்டபோது அறிக்கை எழுதிய கைக்கு வயது அறுபத்து மூன்று.

இந்த முறையை மண்கும்பானின் கிணறுகளுக்கே பொருத்திப் பார்க்கலாம். மணல் அகழ்ந்த இடத்துக் கிணறு ஒன்றையும் அகழாத இடத்துக் கிணறு ஒன்றையும் இன்று அளந்து, முன்னதில் உப்பு கூடுதலாக உள்ளது என்று சொன்னால் அதனால் எதுவும் நிறுவப்பட்டதாகாது. முன்னது கடலுக்கு அண்மையில் இருக்கலாம். அது தொடக்கம் முதலே உவர்க் கிணறாக இருந்திருக்கலாம். ஒரே கிணற்றை அகழ்வுக்கு முன்னும் பின்னும் அளந்து, உப்பு ஏறிவிட்டது என்று காட்டினாலும் போதாது. அதே காலத்தில் மழையும் குறைந்திருக்கலாம். செய்ய வேண்டியது இரண்டையும் சேர்ப்பதாகும். அதே கிணறுகளை, அதே மாதங்களில், பல ஆண்டுகள் தொடர்ந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு கிணற்றையும் முதலில் அதனோடேயே ஒப்பிட வேண்டும். அப்போது கடலுக்கு அண்மை, மண்ணின் தன்மை போன்ற மாறாத வேறுபாடுகள் கணக்கிலிருந்து கழிந்து போகும். பின்னர் அகழ்ந்த இடத்துக் கிணறுகளில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து, அகழாத இடத்துக் கிணறுகளில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழிக்க வேண்டும். அப்போது இரண்டுக்கும் பொதுவான மழையின் விளைவும் கழிந்து போகும். மீதியாக நிற்பதே அகழ்வின் பங்கு. அதுகூட, அகழ்வு நடவாதிருந்தால் இருவகைக் கிணறுகளும் ஒரே போக்கிற் சென்றிருக்கும் என்ற நம்பிக்கையின் மீதே நிற்கின்றது. அகழ்ந்த இடத்திலேதான் இறைப்பியந்திரங்களும் கூடுதல் என்றால் அந்த நம்பிக்கை ஆட்டங்காணும். இன்று பொருளியலாளரும் மருத்துவ ஆய்வாளரும் கணினியின் உதவியோடு அன்றாடம் செய்துவரும் இக்கணிப்பின் உள்ளுறை இவ்வளவுதான். கடினம் கணக்கில் இல்லை. பத்தாண்டு காலம் அதே கிணற்றுக்கு அதே மாதத்தில் ஒருவர் போத்தலோடு போய்வர வேண்டும் என்பதில் இருக்கின்றது. ஒரிசாவில் யாரோ பெயர் தெரியாத எழுதுவினைஞர்கள் அறுபது ஆண்டுகளாக மழைமானியை வாசித்து எழுதி வைத்திராவிட்டால் மஹலனோபிஸின் மேதை எதற்கு உதவியிருக்கும்?

பிரசிடென்சிக் கல்லூரியில் அவரது அறையின் ஒரு பகுதியே முதலிற் புள்ளிவிபர ஆய்வுகூடமாக இருந்தது. 1931 டிசம்பரிற் கூடிய கூட்டம் ஒன்றின் பயனாக, 1932 ஏப்ரலில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவகம் பதிவு செய்யப்பட்டது. முதலாண்டுச் செலவு 250 ரூபாவையும் எட்டவில்லை. அடுத்த ஆண்டில் சாங்கியா என்ற ஆய்விதழ் தொடங்கப்பட்டது. எண் என்பதோடு தெளிந்த அறிவு என்ற பொருளும் அச்சமஸ்கிருதச் சொல்லுக்கு உண்டு என்பதாலேயே அவர் அதைத் தெரிந்தெடுத்தார். தமிழிலும் எண்ணுதல் என்றால் கணக்கிடுதலும் சிந்தித்தலுமாகும் என்பதை அவரிடம் எவரேனும் சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அவர் பெயரை உலகம் இன்றும் உச்சரிப்பது மஹலனோபிஸ் தூரம் எனும் அளவையால். 1920இல் நாக்பூரிற் கூடிய விஞ்ஞான மாநாட்டில், விலங்கியல் அளவைத் திணைக்களத்தின் தலைவர் ஆனண்டேலைச் சந்தித்ததிலிருந்து அது தொடங்கியது. கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாருக்கு எவ்வளவு நெருக்கமானவர் என்பதை எவ்வாறு அளப்பது என்பதே கேள்வி. மண்டையோட்டையும் மூக்கையும் அளந்து மனிதரை வகுத்த அக்கால மானிடவியலின் வாடை அதில் வீசுகின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாற் கருவி தன் பிறப்பைத் தாண்டி வாழ்ந்தது. உயரமும் கை நீளமும் சேர்ந்தே கூடிக் குறைவன. ஆகவே அவற்றை இரு தனி வேறுபாடுகளாக எண்ணினால் ஒன்றையே இருமுறை எண்ணியதாகும். அந்த இரட்டிப்பை நீக்கிய பின் எஞ்சும் தூரம் எவ்வளவு என்பதே 1936இல் அவர் முழுமையாக வெளியிட்ட அளவை. 1970களிலிருந்து டொனால்ட் ரூபின் முதலான அமெரிக்க அறிஞர்கள் இதே அளவையைக் காரண ஆராய்ச்சிக்குக் கொண்டுவந்தனர். ஒரு உதவித் திட்டத்தைப் பெற்ற குடும்பத்தைப் பெறாத குடும்பத்தோடு ஒப்பிடுவதானால், காணி, தொழில், பிள்ளைகளின் தொகை ஆகிய யாவற்றிலும் அதற்கு மிக அண்மையில் உள்ள குடும்பத்தையே தேடி இணைக்க வேண்டும் அல்லவா? அந்த அண்மையை அளக்கும் கோலாக மஹலனோபிஸ் தூரம் இன்று உலகெங்கும் பயன்படுகின்றது.

1937இல் வங்காளத்தின் சணற்செய்கைப் பரப்பை மதிப்பிடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வயல் வயலாக எண்ணுவதை விடுத்து, மாதிரியாகத் தெரிந்தெடுத்த துண்டுகளை மட்டும் பார்த்து மொத்தத்தைக் கூறலாம் என்றார். முழு எண்ணிக்கைக்கு ஆகும் செலவின் சிறு பகுதியே அதற்குத் தேவைப்பட்டது. எனினும் அவரது உண்மையான புதுமை சிக்கனத்தில் இல்லை. ஒரே பிரதேசத்துக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒருவரை ஒருவர் அறியாத இரு குழுக்களை அனுப்பினார். இரு குழுக்களும் கொண்டுவரும் விடைகள் எவ்வளவு விலகுகின்றனவோ அவ்வளவுக்கு அந்த எண்ணை நம்பலாகாது. மர நிழலில் இருந்துகொண்டு படிவம் நிரப்பும் உத்தியோகத்தரை அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது தெளிவு. பயிர் வெட்டிப் பார்க்கும் முறையில் அவர் மிகச் சிறிய துண்டுகளைத் தெரிந்தெடுத்தார் என்றும், அதனால் விளைச்சல் கூடுதலாகக் காட்டப்பட்டது என்றும் சுகாத்மே பான்றோர் எதிர்த்தனர். எல்லைக் கோட்டில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்து வெட்டிவிடும் இயல்பு மனிதருக்கு உண்டு. துண்டு சிறிதாகச் சிறிதாக அந்தப் பிழை பெரிதாகும். இந்த விவாதத்தில் நியாயம் பெருமளவுக்குச் சுகாத்மேயின் பக்கமே இருந்தது என்பது எமது கருத்து.

1943இல் வங்காளத்திற் பஞ்சம் வந்தது. மாண்டவர் பதினைந்து இலட்சம் என்றது அரசாங்க விசாரணைக் குழு. முப்பது இலட்சம் வரை செல்லலாம் என்றனர் பின்வந்த ஆய்வாளர். பிணங்கள் அகற்றப்பட்ட பின்னர் அரசாங்கம் மறக்கத் தொடங்கிய வேளையில், 1944இல், மஹலனோபிஸும் இராமகிருஷ்ண முகர்ஜி, அம்பிகா கோஷ் ஆகியோரும் கிராமங்களுக்கு ஆட்களை அனுப்பினர். எத்தனை பேர் வறியவர் என்று கேட்டுவிட்டு அவர்கள் திரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் மூன்று காலங்களைப் பற்றிக் கேட்டனர். 1939 ஜனவரியில் உங்களிடம் எவ்வளவு வயல் இருந்தது? 1943 ஜனவரியில், அதாவது பஞ்சத்துக்குச் சற்று முன்னர், எவ்வளவு? 1944 மே மாதத்தில் எவ்வளவு? தொழில் என்ன, மாடுகள் எத்தனை?

ஏன் மூன்று காலங்கள்? பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் மட்டும் கேட்டிருந்தால், இழந்தவை எல்லாம் பஞ்சத்தால் இழந்தவை என்று எழுதியிருக்க நேரும். பஞ்சம் இல்லாத காலத்திலேயே குடியானவர் நிலத்தை இழந்துகொண்டுதான் இருந்தனர். 1939 முதல் 1943 வரையிலான நான்கு ஆண்டுகளின் சரிவை அளந்து, அதன் பின்னணியிற் பஞ்ச காலத்துப் பதினாறு மாதச் சரிவை வைத்துப் பார்த்தபோதுதான், பஞ்சம் தன் பங்குக்கு எவ்வளவு கூட்டியது என்பது புலப்பட்டது. வறுமைக்குள் வீழ்வோரின் வேகம் பஞ்ச காலத்திற் பெரிதும் கூடியிருந்தது. நெல்வயல் வைத்திருந்த குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வயலை முழுவதாகவோ பகுதியாகவோ விற்றோ ஈடுவைத்தோ இருந்தன. விவசாயக் கூலிகளும் மீனவரும் மிக மோசமாகத் தாக்கப்பட்டனர். ஆனால் பூகம்பம் போல் திடீரென வந்திறங்கிய விபத்தாக அந்தப் பஞ்சத்தை ஆய்வாளர்கள் காணவில்லை. சாதாரண ஆண்டுகளிலேயே நடந்துகொண்டிருந்த ஒரு பொருளாதாரச் சிதைவின் உச்சமாகவே கண்டனர். 1946இல் சாங்கியாவில் வெளியான அந்த ஆய்வின் தரவுகளை, 1981இற் பஞ்சத்தைப் பற்றிய தமது நூலில் அமர்த்தியா சென் விரிவாகப் பயன்படுத்தினார்.

குறை இல்லாத ஆய்வு அன்று அது. ஐந்தாண்டுகளுக்கு முன்னிருந்த மாடுகளின் தொகையை ஒருவர் பிழையாக நினைவுகூரலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குடும்பமே அழிந்து போன வீட்டிற் கேள்விக்கு விடை சொல்ல எவரும் இல்லை. மிக அதிகமாக இழந்தவர்களே கணக்கில் மிகக் குறைவாக இடம்பெறுவர். அழிவின் பின் எடுக்கப்படும் எந்தக் கணக்குக்கும் இந்த விதி பொருந்தும்.

இதை எழுதும்போது தீவகத்தை நினையாதிருக்க எம்மால் முடியவில்லை. 1990இல் இராணுவ நடவடிக்கைகள் தொடங்கியதும் மண்கும்பான், அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை எங்கும் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அவர்களில் ஒரு பகுதியினர் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கொழும்பிலும், இன்னொரு பகுதியினர் பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிதறி வாழ்கின்றனர். போர் எமக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கு எண்களில் விடை தேடுவதானால் எங்கே போவது? 1981இல் முழுநாட்டுக் குடிசன மதிப்பு நடந்தது. 1991இல் நடக்கவேண்டியது நடக்கவே இல்லை. 2001இல் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றில் ஒன்று அல்ல. முழுநாட்டையும் எண்ணியது 2012இல்தான். அடுத்தது 2024இல் இடம்பெற்றது. 1981க்கும் 2012க்கும் இடையில் முப்பத்தொரு ஆண்டுகள். இடையில் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு நடந்தது, எதனால் நடந்தது என்பதைப் பிரித்துக் காட்டும் தரவு இல்லை. கிராமம் ஒன்றின் சனத்தொகை குறைந்தது என்றால், கொல்லப்பட்டோர் எத்தனை, இடம்பெயர்ந்தோர் எத்தனை, போர் இல்லாவிட்டாலும் தொழில் தேடிக் கொழும்புக்குப் போயிருக்கக்கூடியோர் எத்தனை? தீவக வர்த்தகர் தென்னிலங்கையிற் கடை வைத்தது போருக்கு மிக முந்திய கதை. அந்தப் பழைய போக்கையும் போரின் விளைவையும் ஒன்றாகக் கலந்து பேசுவோர் இருபக்கத்திலும் உள்ளனர். ஒரு பக்கத்தார் எல்லாமே போரினால் என்கின்றனர். மறுபக்கத்தார் இவர்கள் எப்படியும் போகவிருந்தவர்கள்தாம் என்கின்றனர். 1944இல் வங்காளத்திற் செய்ததுபோல், குடும்பம் குடும்பமாகச் சென்று, 1981இல் எவ்வாறு இருந்தீர்கள், 1990க்குச் சற்று முன் எவ்வாறு, இப்போது எவ்வாறு என்று முறையாகக் கேட்கும் ஆய்வு ஒன்றை எமது பல்கலைக்கழகங்கள் பெரிய அளவில் இன்னும் மேற்கொள்ளலாம். 1981ஐ நினைவில் வைத்திருக்கும் குடும்பத் தலைவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

மஹலனோபிஸின் பிற்காலம் புகழும் அதிகாரமும் நிறைந்தது. 1945இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1949இல் இந்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளிவிபர ஆலோசகரானார். 1950இல் அவர் தொடக்கிய தேசிய மாதிரி ஆய்வு, ஏழை நாடு ஒன்று தன் மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு செலவழிக்கின்றனர் என்பதை ஆண்டுக்காண்டு கேட்டறியும் ஏற்பாடாக உலகுக்கே முன்மாதிரியாயிற்று. 1955 மார்ச்சில் நேருவின் ஆதரவோடு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவை முன்வைத்தார். கனரகக் கைத்தொழிலுக்கு முதலிடம் கொடுத்தால் நீண்ட கால வளர்ச்சி விரைவுபடும் என்பது அவரது கணித மாதிரியின் முடிவு. பி. ஆர். ஷெனாய் தமது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். வக்கீலும் பிரமானந்தாவும் மக்களின் அன்றாட நுகர்வுப் பொருள்கள் புறக்கணிக்கப்படுவதைச் சுட்டிக் காட்டினர். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது.

வெள்ளத்திலும் பஞ்சத்திலும் நிபுணரின் கூற்றைப் பதிவேட்டோடு மோத விட்டவர், திட்டத்தில் தம்முடைய சொந்த மாதிரியை அவ்வாறு மோத விடவில்லை. ஒப்பிட இன்னொரு இந்தியா இல்லை என்பது உண்மையே. அந்த நியாயம் அவரது எதிராளிகளுக்கும் பொருந்தும். அத்திட்டம் இல்லாதிருந்தால் இந்தியா எவ்வாறு இருந்திருக்கும் என்று அடித்துக் கூறுவோரும் காணாத ஒன்றையே கண்டதாகக் கூறுகின்றனர். அதைவிடத் திட்டத்தின் விளைவு எவரைச் சென்றடைந்தது என்று பார்க்க அவரே பின்னர் வகுத்த வழி எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. குடும்பங்களைச் செலவின் அளவுப்படி ஏறுவரிசையில் நிறுத்தி, சம பங்குகளாகப் பிரித்து, ஒரு சுற்றின் அடிமட்டப் பங்கினரை அடுத்த சுற்றின் அடிமட்டப் பங்கினரோடு ஒப்பிடும் முறை அது. 1960இல் வெளியான அந்த முறையிலும் இரு அரை மாதிரிகளின் கோடுகளை வரைந்து, இடையிலுள்ள பரப்பையே பிழையின் அளவாகக் காட்டினார். சராசரி உயர்ந்தது என்ற செய்தியோடு அவர் நின்றுவிடவில்லை என்பதற்கு இது சாட்சி.

நிறுவகத்தை அவர் தம் வீட்டைப் போலவே நடத்தினார். வீட்டுத் தலைவரின் கோபமும் அதில் இருந்தது. அவர் அழைத்து வந்த பேரறிஞர் ஹால்டேன், அவரோடு முரண்பட்டு 1961இல் விலகினார். பின்னர் அவர் சென்று குடியேறிய இடம் ஒரிசாவின் புவனேஸ்வர். சோவியத் ஒன்றியத்திலிருந்து கொல்மொகோரோவும் பிரித்தானியாவிலிருந்து ஃபிஷரும் வந்து தங்கிய அதே வளாகத்தில், 1941இல் வேலை தேடி வந்த இளைஞர் சி. ஆர். ராவ் உலகப் புகழ் பெற்றார். ராவ் 2023இல் தமது 102ஆவது வயதிற் காலமானார்.

1959இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நிறுவகம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. 1968இற் பத்மவிபூஷண் விருது வந்தது. 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னர், கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். அவர் தொடக்கிய மாதிரி ஆய்வின் உத்தியோகத்தர்கள் அந்த வாரத்திலும் இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தனர்.